வியாழக்கிழமை வருவதாகச் சொன்னவர்

பின்னறையிலிருந்து நாற்காலிகளை இரண்டிரண்டாக முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள் மகள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், தரையில் பாய் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அதை மிதிக்காமல் சுற்றிப்போனாள். அப்பா கூரையை உடைத்துக்கொண்டு விழுந்த ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அது.

முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விழுந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து இன்று காலையில்தான் கொடுத்தார்கள். மயானத்துக்குக் கொண்டுபோக நான்கு மணிக்கு வண்டி வரும். அவள் நாற்காலிகளை எண்ணினாள். பதினான்கு. சந்தேகமாக இருந்தது, மறுபடி எண்ணினாள். பதினான்குதான். அழுகை வரவில்லை, எண்ண மட்டும் முடிந்தது.

"தெருவே அவர திருப்புளின்னுதான் கூப்பிடும்," என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மாமா, அம்மாவின் தம்பி. "எங்க வீட்டு மிக்ஸிய மூணு தடவ சரி பண்ணாரு மச்சான். நாலாவது தடவ அவரு வர்றது தெரிஞ்சதும் நான் ஒளிச்சு வெச்சிட்டேன்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கூரைக்காரர ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் அம்மா. "எல்லாத்தையும் தானே செஞ்சாகணும் இந்த மனுஷனுக்கு."

நேற்றிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் மகள் ஏதாவது ஒரு வேலைக்காக எழுந்து போய்விடுவாள். இப்போது எழுவதற்குள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் நீளமான பலகை. கையில் கருவிப் பை. குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், பலகையை மெதுவாக இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

"இன்னிக்கு வர்றதா சொல்லியிருந்தேன்," என்றார் தணிந்த குரலில். "கூரை வேலைக்கு."

அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் மகள்தான். கூரைக்காரருடைய எண் அவள் போனில்தான் இருந்தது.

"யாரு கூப்பிட்டா உங்கள?" என்றாள் அம்மா.

"சார்தாம்மா. திங்கக்கெழம பேசினாரு. மேல ஏறிடாதீங்க சார், பழைய சிமெண்ட் ஷீட்டு, பாக்கக் கல்லு மாதிரி இருக்கும், மிதிச்சா பிஸ்கட்டு, நானே பலகை போட்டுத்தான் ஏறுவேன்னு சொன்னேன். ஸ்டூல் போட்டு எட்டுற வேலையின்னா நீங்க பாருங்க, அதுக்கு மேலன்னா என்கிட்ட விட்டுடுங்கன்னேன். சிரிச்சாரு. சரிப்பா, வியாழக்கெழம வான்னாரு."

"சரின்னாரா?"

"சரின்னாரும்மா."

"அப்புறம் எதுக்கு ஏறுனாரு?"

கூரைக்காரர் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில், தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள்மேல் தண்ணீர் சொட்டியது. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் மகள் அதை அப்பாவிடம் சொன்னாள். பிறகு ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அப்போதும் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சட்டைக்குக் காலர் முடிந்திருந்தது.

"நான்தாம்மா," என்றாள் மகள். "வியாழக்கிழம வரைக்கும் துணியெல்லாம் நனையணுமாப்பா, மேல ஒரு தார்ப்பாயாவது போடுங்களேன்னு நான்தான் சொன்னேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர்மேல் போர்த்தியிருந்த துணியின் மடிப்பை நீவிவிட்டாள்.

"நாற்காலி பத்தாது," என்றாள். "பக்கத்து வீட்டுல இன்னும் நாலு கேளு."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாமாதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "வந்தது வந்துட்டீங்க... மழை வேற வர்ற மாதிரி இருக்கு..."

"ஆணி அடிக்க வேண்டியதில்ல. போல்ட்டுதான், சத்தம் வராது," என்றார் கூரைக்காரர். வெளியே நிறுத்தியிருந்த தன் வண்டியிலிருந்து புது ஷீட் ஒன்றை இறக்கினார்.

நான்கு நாற்காலிகளோடு திரும்பியவள் பின்னறை வாசலில் நின்று பார்த்தாள். வெளிச்சத்தின் குறுக்கே முதலில் பலகையின் நிழல் வந்தது. நெடுநேரம் அது மட்டும் கிடந்தது. அதன்பிறகே ஒரு மனிதனின் நிழல் தவழ்ந்து வந்தது. போல்ட் திருகும் ஓசை மட்டும் கேட்டது. வெளிச்சம் ஒரு பக்கமாகச் சுருங்கி, கோடாகி, இல்லாமல் போனது.

நான்கு மணிக்கு வண்டி வந்து போனது. ஆறு மணிக்கு எல்லோரும் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. பின்னறையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மகள் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் திருப்பி எடுத்துவந்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் வெறும் சிமெண்ட் தரைதான் இருந்தது. அங்கே வந்ததும் சுற்றிக்கொண்டு போய், சுவரோரம் நாற்காலிகளை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பின்னாலேயே அம்மா, கையில் ஒரு நாற்காலியோடு, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.