மினிட் நோட்டில் ஒரு வரி

கிளைக்கு ஏழு பேர் வேண்டும். இருந்ததோ ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழாவது ஆள் கையெழுத்துப் போடாவிட்டால், கிளையைக் கலைத்துப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவதாக நகரத்துக் கட்சி அலுவலகம் சொல்லிவிட்டது. பக்கத்து ஊரோடாவது, சேர்வதாவது! கால்பந்து மைதானத்தில் முப்பது வருடமாக மண்டையை உடைத்துக்கொண்ட ஊர் அது.

கிளைத் தலைவர் ஸ்லாவ்கோ உறுப்பினர் பட்டியலை மூன்று தடவை எண்ணிப் பார்த்தார். தொண்ணூறாம் வருடம், பொஸ்னியாவில் குரோவாத்து மக்களுக்கென்று ஒரு கட்சி வருகிறது என்றதும், சாவா ஆற்றங்கரையில் இருந்த இந்தச் சின்ன ஊரில் ஒரே வாரத்தில் நானூறு பேர் சேர்ந்தார்கள். கூட்டம் போட இடம் கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. இலியாதான் தன் சோளக் கொட்டகையைத் திறந்துவிட்டார். அப்புறம் யுத்தம் வந்தது, ஊர் எரிந்தது, ஜனங்கள் ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். ஓடியவர்கள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேர்விட்டுவிட்டார்கள். இங்கே அவர்கள் கட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு ஆகஸ்ட் விடுமுறையில்தான் பூட்டுத் திறக்கும். மிஞ்சிய ஆறு உறுப்பினரில் ஒருவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. எந்தத் தீர்மானமானாலும் கை தூக்கிவிடுவார், பாவம்.

ஏழாவதாக ஊரில் மீதி இருந்த ஒரே ஆள் அந்த இலியாதான்.

இலியாவின் மகளுக்கு ஸ்லாவ்கோ ஞானத்தகப்பன். பிள்ளையைப் பெற்றவரும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் 'கூமே' என்று கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவனைக் காட்டிலும் பெரிய உறவு அது. ஆனால் இரண்டாயிரத்து ஆறில் கட்சி இரண்டாக உடைந்தது. மேலே இருக்கிறவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்களே ஒழிய, ஊர் திரும்ப ஒருத்தருக்காவது வழி செய்தார்களா என்று கூட்டத்தில் கேட்டுவிட்டு, இலியா புதுக் கட்சிக்குப் போனார். ஸ்லாவ்கோவுக்கு வந்ததே கோபம்! கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் நோட்டைப் பிரித்து, 'இலியா துரோகி' என்று தன் கையாலேயே எழுதி, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினார். யுத்தத்தில் ஸ்லாவ்கோவின் மனைவி மாந்தாவைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்த மனிதனைப் போய்! மாந்தா மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். புதுக் கட்சியின் கிளையும் இரண்டே வருடத்தில் ஆளில்லாமல் படுத்துவிட்டது. அப்போதும் இரண்டு பேருக்கும் வீறாப்பு இறங்கவில்லை. பத்தொன்பது வருடம் பேச்சு வார்த்தை இல்லை. ஞானமகளின் கல்யாணத்துக்குக்கூட ஸ்லாவ்கோ போகவில்லை. கல்நெஞ்சம் என்றால் அதுதான்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் இலியா வீட்டு வாசலில் போய் நின்றார். இலியா பிளம் மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, ஒரு மடக்கு பிளம் சாராயம் ஊற்றவில்லை. அந்த ஊரில் அது கன்னத்தில் அறைந்த மாதிரி. ஸ்லாவ்கோ நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"கையெழுத்து போடறேன்," என்றார் இலியா. "ஆனா அந்த நோட்டுல என்னைப் பத்தி எழுதின வரிய எல்லார் முன்னாடியும் நீயே வாசிச்சு, நீயே அடிக்கணும்."

நிறைவேறிய தீர்மானத்தைத் தனியாள் அடிக்க முடியாது, அதற்கும் ஏழு பேர் கூடி ஓட்டுப் போட வேண்டும் என்று ஸ்லாவ்கோ சட்டம் பேசினார். இந்த நிலைமையிலும் சட்டம்!

"அதுக்கென்ன, நானே வரேன். நான் துரோகி இல்லைன்னு நானே கை தூக்கிக்கறேன். போதுமா?"

சனிக்கிழமை காலை தபால்காரர் ஸ்லாவ்கோவிடம் கட்சி அலுவலகத்தின் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு பேரோ பத்துப் பேரோ, சின்னக் கிளைகள் எல்லாமே கலைக்கப்பட்டுவிட்டன. முடிவு அன்று முதலே அமலுக்கு வருகிறது. நான்கே வரி. முப்பத்தைந்து வருடத்துக்கு ஒரு நன்றிகூட இல்லை.

மாந்தாவும் அதை வாங்கிப் படித்தாள். "அப்ப இனிமே இலியா வேண்டாம். நோட்டை வாசிக்கவும் வேண்டாம். தப்பிச்சீங்க," என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

ஸ்லாவ்கோவுக்கோ தப்பித்த மாதிரி இல்லை, எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. கிளை போனதற்கு அழுகை வரவில்லை. நாளைக்கு இலியா வரமாட்டார் என்று நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை. கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடாதே என்று மாந்தாவிடம் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோவில் அறையில், ஒரு கால் குட்டையாகி ஆடும் மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்தார்கள். இலியா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஸ்லாவ்கோ எழுந்து பழைய பக்கத்தைப் பிரித்தார். தேதியை வாசித்தார், வந்திருந்தவர்களின் பெயர்களை வாசித்தார். அந்த வரிக்கு வந்தார். அதையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

"இத எழுதினவன் நான். எழுதின அன்னிக்கே தப்புன்னு எனக்குத் தெரியும்," என்றார்.

யார் ஆதரவு என்று கேட்டார். ஏழு பேரின் கையும் உயர்ந்தது. காது கேட்காதவர் இரண்டு கையையும் தூக்கினார். ஸ்லாவ்கோ பேனாவை அழுத்தி வரியை அடித்தார். இலியா உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

மற்றவர்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். இலியாவும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவரை இப்படியே அனுப்ப ஸ்லாவ்கோவுக்கு மனசு வரவில்லை. கோட்டுப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

இலியா அதைத் தள்ளிப் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"நேத்து காலையில."

"கிளையே இல்லைன்னு தெரிஞ்சுதான் வாசிச்சியா?"

"ஆமா, கூமே."

இலியா குனிந்து, கடிதத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார். அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"அடுத்த கூட்டம் என்னைக்கு?"

"வர ஞாயித்துக்கிழமை," என்றார் ஸ்லாவ்கோ.

"என் கொட்டகையில வச்சுக்கலாம். எழுது, கூமே."

ஸ்லாவ்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுதினார்.