போர்வை என் கையில்

இன்று மாலை ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் வகுப்புக்குப் போகவில்லை. நடந்ததை வரிசை மாறாமல் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் நான் செய்தது எது, நினைத்தது எது என்று பிரியும்.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காலையில் ஒரு குடலிறக்க ஆபரேஷன். டேபிளில் வீரமுத்து. எலவனாசூர்கோட்டையில் அவர் நிலத்தில்தான் அப்பா கூலி வேலை செய்தார். எங்கள் கத்தரிச் செடிகளுக்குக் கேட்காமல் தன் மோட்டார் தண்ணீரை அப்பா திருப்பினார் என்று, ஒரு மார்கழி விடியலில் அப்பாவை மோட்டார் தொட்டிக்குள் நிற்க வைத்தவர். நான் துண்டோடு ஓடினேன். வீரமுத்து தடுத்தார்.

"துண்ட குடுக்காத. நல்லா குளிரட்டும், அப்பதான் புத்தி வரும்."

அன்று பிடித்த நெஞ்சுச்சளி அப்பாவை விடவேயில்லை. அதனால்தான் செத்தாரா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அப்படித்தான் நம்புகிறேன்.

முதுகில் ஊசி போட்டதும் வீரமுத்துவுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. நினைவு இருந்தது. அவர் நெஞ்சின்மேல் வெப்பக்காற்றுப் போர்வையை விரித்து மெஷினைப் போடுவது என் வேலை. ஆபரேஷனில் உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, புண் சீழ் பிடிக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். படித்ததுதான் எனக்கு ஆசை காட்டியது.

"குளுருதும்மா. யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"பச்சமுத்து பொண்ணுங்க."

"எந்தப் பச்சமுத்து?"

"உங்க மோட்டார் தொட்டியில நின்னுக்கினு இருந்தாரே, அவருங்க."

அவர் கண் என் கையிலிருந்த போர்வைக்கு வந்தது. அவர் கைகள் பலகையில் கட்டப்பட்டிருந்தன.

"போத்திவுடும்மா."

"நல்லா குளிரட்டும்ங்க."

மயக்க டாக்டர் மலர்விழி நிமிர்ந்தார். "தனுஷா, இன்னா வேடிக்க? மெஷின போடு."

போட்டேன். டாக்டர் சொல்லாவிட்டால் போட்டிருப்பேனா என்று இப்போதும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு குறையும் வைக்கவில்லை; சலைனைக்கூடச் சூடாக்கித்தான் கொடுத்தேன். ஆனால் சுவிட்ச் பக்கமே நின்றேன். என் கை அசையும்போதெல்லாம் வீரமுத்துவின் கண்ணும் கூடவே போனது. தேவையில்லாமலும் அசைத்தேன்.

முடிந்தபோது உடம்புச் சூடு சரியாகவே இருந்தது. ஆனாலும் தாடை அடித்துக்கொள்ள நடுங்கினார். இந்த ஊசிக்குச் சிலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். இருக்கலாம்.

வார்டில் கம்பளியோடு அவரருகே போனேன்.

"நீ வாணாம்மா. வேற யாரயாவது கூப்புடு."

கம்பளியை அவர் கால்மாட்டில் வைத்தேன். கால் இன்னும் மரத்திருந்தது. எட்டி எடுக்க முடியாது. வேறு ஆளைக் கூப்பிட நடந்தேன், மெதுவாக.