ஒன்பது நாள் பால்

ஃப்ரீசரின் சின்னத் திரையில் எண் இல்லை.

வெளியே அடித்த வெயிலில் கண் கூசியிருக்கும் என்றுதான் ரெஜிலா முதலில் நினைத்தாள். குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். மைனஸ் பதினெட்டு என்று நீலமாக எரிய வேண்டிய இடம் கறுத்துக் கிடந்தது. நேற்றுக் காலை கோயம்புத்தூரில் கிளம்பியது முதல் அந்த எண்ணைத்தான் அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். பத்து வருடம் நர்ஸாக இருந்தவள், தீவிர சிகிச்சை வார்டில்கூட ஒரு எண்ணை இப்படிக் காவல் காத்ததில்லை.

வண்டி அவள் புருஷன் ஜெனித்தின் செல்லப்பிள்ளை. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் வைத்து, கூரையில் சோலார் தகடு ஏற்றி, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் கேரவனாக்கியிருந்தான். என்ஜின் ஓடினால் உள்ளே இருக்கும் தனி பேட்டரி சார்ஜ் ஆகும். நின்றால் வெயில் பார்த்துக்கொள்ளும். நேற்று திருநெல்வேலியில் தங்கியபோது ரெஜிலா லாட்ஜ்காரரிடம் கெஞ்சி, வரவேற்பு மேஜையிலிருந்து வாசல் வரை வயர் இழுத்து ஃப்ரீசருக்குக் கரண்ட் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் படுத்தாள்.

உள்ளே இருந்தது தாய்ப்பால். தொண்ணூறு பாக்கெட்.

குழந்தை ஜெஸ்பினுக்கு ஐந்து மாதம். டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை கொடுத்துப் பார்த்ததில் மலத்தோடு ரத்தம் வந்தது. நாளை மறுநாள் ரெஜிலா திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி மஸ்கட்டில் வேலைக்குச் சேர வேண்டும். குழந்தை கருங்கலில் மாமியார் நேசபாயிடம் வளரும். டாக்டர் எழுதித் தந்திருந்த வேறு வகைப் பவுடருக்குக் குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க ஒரு மாதம் வேண்டும். நாளைக்கு மூன்று பாக்கெட், முப்பது நாள். பிள்ளை குடித்தது போக மிச்சத்தை, இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பம்ப் வைத்து எடுத்துச் சேர்த்த பால்.

நேராகக் கருங்கல் போயிருக்க வேண்டும். வழியில் ஜெனித்தின் மாமா செல்வதாஸ் போன் செய்தார். இரணியல் பக்கத்தில் அவர்கள் சபையில் இன்று அசனம், ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. செல்வதாஸ்தான் சபைச் செயலர். "பிள்ளைய ஒருக்கா காட்டிட்டுப் போ மருமவனே, அரை மணிக்கூர் போதும்" என்றார். யாரிடமும் முடியாது என்று சொல்ல ஜெனித்துக்கு வாய் வராது. அரை மணி நேரம் என்று ஒன்பதரைக்கு வந்தவர்கள். ஆராதனை முடிந்து, ஜெஸ்பின் பத்து மடி ஏறி இறங்கி, இப்போது பன்னிரண்டே முக்கால். மாற்றுத் துணி எடுக்க வந்த இடத்தில்தான் ரெஜிலா கறுத்த திரையைப் பார்த்தாள்.

ஃப்ரீசரின் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் வயர் மாட்டியிருந்தது. ஜன்னல் வழியாக வெளியே போன வயரைப் பிடித்துக்கொண்டே அவள் நடந்தாள். அது மாமரத்தைச் சுற்றி, செருப்புக் குவியலைத் தாண்டி, சமையல் பந்தலுக்குள் போய் ஒரு கிரைண்டரில் முடிந்தது. கிரைண்டர் வறுத்த தேங்காயை அரைத்துக்கொண்டிருந்தது.

ரெஜிலா வயரைப் பிடுங்கினாள்.

கிரைண்டர் நின்றது. கரண்டியோடு நின்ற செல்வதாஸ் திரும்பினார். "மக்ளே, அத ஊராதே. காலத்தே பத்து மணிக்குப் போன கரண்டு இன்னும் வரல்ல. இறைச்சிக்கு அரப்பு பாதியிலே கெடக்கு."

"யாருகிட்ட கேட்டு மாட்டினீங்க?"

"ஜெனித்துதான் மாட்டித் தந்தான். நல்ல பயலாக்கும். ஒரு வாக்குதான் கேட்டேன்."

"அவர் எங்க?"

"சோறு எடுக்கப் போனான். என்ன மக்ளே, முகம் இப்படி இருக்கு?"

அவள் வயரைக் கீழே போட்டாள். வண்டிக்குத் திரும்பி ஓடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஜெனித் வண்டியை மாமரத்தின் அடர்ந்த நிழலில் நிறுத்தியிருந்தான். ஒரு பொட்டு வெயில் விழாத நிழல். சோலார் தகடு மேல் மாவிலை உதிர்ந்து கிடந்தது.

மூடியைத் திறந்தாள். மேல் தட்டில் பால் இல்லை. பன்னீர் சோடா பாட்டில்கள் வரிசையாகப் படுத்திருந்தன. இருபத்துநாலு.

பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தாள். கீழ்த் தட்டில் கை வைத்தாள். கல்லாக இருந்தது. நடுத்தட்டு, ஓரம் லேசாக வியர்த்திருந்தது, உள்ளே கட்டி உடையவில்லை. மூச்சு வந்தது. மேல் தட்டு எங்கே?

கட்டிலில், குழந்தையின் துண்டுக்கு அடியில் இருந்தது. அழகாக அடுக்கி, துண்டை நாலு பக்கமும் செருகி, பிள்ளையை உறங்க வைத்ததுபோல மூடி வைத்திருந்தான். ஜன்னல் சாத்திய வண்டிக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு பாக்கெட்டைத் தூக்கினாள். அது கையில் தொய்ந்தது. உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

ஜெனித் படியேறி வந்தபோது சட்டையெல்லாம் சோற்றுக் கஞ்சி. அவள் கையைப் பார்த்ததும் நின்றான்.

"ரெஜி, பத்து நிமிஷம்னுதான் மாமா சொன்னாரு."

"சோடா?"

"சேகரத் தலைவர் ஐயரு, பெரிய போதகரு, வாராருல்லா. கரண்டு இல்ல, சோடா சூடா இருக்குன்னாரு. ஒரு தட்டுதான எடுத்தேன். துணி போட்டு மூடித்தான் வச்சேன்."

"துணி போட்டா குளுருமா?"

"தணுப்பு போவாதுன்னு நெனச்சேன். திரும்ப வைக்க வந்தேன், அதுக்குள்ள அண்டா தூக்க விளிச்சாங்க."

"பிளக்க ஊரினது?"

"ரெண்டும் சேந்து ஓடினா இன்வெர்ட்டர் தாங்காது."

"அப்போ கணக்குப் பாத்து, தெரிஞ்சுதான் ஊரியிருக்கீங்க. பிள்ளைக்க பாலா, மாமாக்க தேங்காயான்னு கேட்டப்ப நீங்க தேங்காய எடுத்தீங்க."

"அப்படிப் பேசாத ரெஜி."

"வேற எப்படிப் பேச? நீங்களே சொல்லித் தாங்க, அப்படிப் பேசுதேன்."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் ஜெனித்துக்குப் பயமாக இருந்தது. வார்டில் தப்பு மருந்து எடுத்து வந்த பயிற்சி நர்ஸிடம் பேசுகிற குரல்.

கருங்கலிலிருந்து அசனத்துக்கு வந்திருந்த நேசபாய் குழந்தையோடு படியில் வந்து நின்றாள். பின்னாலேயே செல்வதாஸ்.

"எக்கா, நீயாவது சொல்லு," என்றார் அவர். "பந்தியில ஆளு இருந்தாச்சு. கர்த்தருக்க காரியமாக்கும். ஒரு கால் மணிக்கூர் வயர மாட்டினா முடிஞ்சுது."

"கர்த்தரு உங்ககிட்ட வறுத்தரச்ச கறிதான் வேணும்னு கேட்டாரா மாமா?" என்றாள் ரெஜிலா. "குழம்புல தேங்கா கொறஞ்சா ஐயரு ஆசீர்வாதம் சொல்லமாட்டாரா?"

நேசபாய் கட்டிலைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கொதிக்க வச்சா ஆகாதா பிள்ள?"

"ஆகாது அத்தே. இந்தப் பிள்ளைக்க வயித்துல இனி ஒரு பரிசோதனை பண்ண என்னால முடியாது."

நேசபாய் தம்பியிடம் திரும்பினாள். "நீ போ. அம்மியில அரை. ஊருல பெண்டுகளுக்குக் கை இல்லியா, ஒனக்குத்தான் கை இல்லியா." பிறகு மகனிடம் சொன்னாள். "ஒனக்க அப்பனும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் நல்லவன். நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக விளிச்ச வண்டிய எவனோ பெண்ணு பாக்கப் போகக் குடுத்துட்டு நின்னாரு."

ரெஜிலா சாவியைக் கேட்டாள். ஜெனித் கொடுத்தான். அவளே ஓட்டுனர் சீட்டில் ஏறி என்ஜினைக் கிளப்பி, வண்டியைக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை. ஃப்ரீசரை மாட்டினாள். திரையில் எண் வந்தது. மைனஸ் நாலு. கொஞ்ச நேரம் கழித்து மைனஸ் ஐந்து.

ஜெனித் நடந்தே பின்னால் வந்து சேர்ந்தான்.

"இருபத்தேழு," என்றாள். "ஒன்பது நாள்."

அவன் தலையாட்டினான்.

"கொட்டுங்க."

"நானா?"

"நான் நெறச்சேன். நீங்க கொட்டுங்க. ஒவ்வொண்ணா."

அவன் பாக்கெட்டுகளைத் துண்டோடு வாரிக்கொண்டு சுவரோரத் தென்னை மூட்டில் உட்கார்ந்தான். முதல் பாக்கெட்டின் வாயைக் கிழித்தான். அதன் மேல் அவள் கையெழுத்தில் தேதியும் நேரமும் இருந்தன. பால் மண்ணில் விழுந்து, வெள்ளையாக ஒரு கணம் நின்று, உள்ளே போனது.

"என்ன தேதி?" என்று வண்டிப் படியிலிருந்து கேட்டாள்.

"மூணாந் தேதி. காலத்தே நாலு மணி."

"அன்னைக்கு நீங்க மூணாறுக்கு சவாரி போயிருந்தீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்தது?"

"ஏழு. ராத்திரி ரெண்டேகால்."

"மாருல கட்டி கட்டி, தொட முடியல்ல. பம்ப் வச்சுட்டுத் துணியக் கடிச்சுட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல உறங்கினீங்க. எழுப்பக் கூடாதுன்னு லைட்டுகூடப் போடல்ல. அடுத்தது?"

ஆறாவது பாக்கெட்டில் அவன் கை நின்றது. எட்டாவதில் முழங்கையால் கண்ணைத் துடைத்தான். அவள் இரங்கவில்லை. இரங்கினால் நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவாள். ஏறினால், மிச்சப் பாக்கெட் தீர்ந்து இருபத்திரண்டாவது நாள் இந்தப் பிள்ளை பசிக்கு எதைக் குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு கோபம்.

பன்னிரண்டாவதைக் கொட்டிவிட்டு ஜெனித் எழுந்தான். "அனிஷுக்கு நான் போன் செய்யுதேன்," என்றான். அனிஷ், விசா ஏற்பாடு செய்த ஏஜென்ட்.

"என்ன சொல்லுவீங்க?"

"ஒனக்குக் காய்ச்சல்னு…"

"எனக்குக் காய்ச்சல் இல்ல."

அவன் அவளைப் பார்த்தான். போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான், அவள் கேட்காமலே.

"அனிஷ், ரெஜிலா நாளைக்கழிஞ்சு வரல்ல. ஒன்பது நாள் கழிஞ்சு வருவா."

"சேட்டா, வெளையாடாதீங்க. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நான் என்ன சொல்ல? காரணம் என்ன?"

"பிள்ளைக்கு வச்சிருந்த பால நான் கெடுத்துட்டேன். அசனத்துக்குத் தேங்கா அரைக்க ஃப்ரீசருக்க கரண்ட எடுத்துக் குடுத்தேன். தப்பு எனக்கதாக்கும். அவ மேல ஒண்ணும் எழுதிராதீங்க."

"தேங்காயா?"

"ஆமா. தேங்கா."

அனிஷ் நாலு வார்த்தை திட்டினான். ஜெனித் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான். கடைசியில் அனிஷ் சொன்னான்: அடுத்த குழு பதினோரு நாள் கழித்துப் போகிறது, அதில் சேர்க்கக் கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல மாட்டேன், டிக்கெட் போனது போனதுதான்.

"கெடைக்கல்லன்னா?" என்றான் ஜெனித்.

"கெடைக்கல்லன்னா நீங்க இருந்து தேங்கா அரையுங்க," என்று அனிஷ் வைத்துவிட்டான்.

ரெஜிலாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. வெளியே விடவில்லை.

நேசபாய் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். ஜெஸ்பின் அவசரமாக மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பாதி குடித்ததும் ரெஜிலா மறு பக்கத்துக்குப் பம்பை எடுத்து வைத்தாள். ஜெனித் கீழே நின்றான், மிச்சம் பதினைந்து பாக்கெட் அவன் காலடியில் கிடந்தது.

"உங்களுக்காக நிக்கேன்னு நெனைக்காதீங்க," என்றாள்.

"இல்ல."

"மிச்சத்தையும் கொட்டிட்டு வாங்க. வந்து புது பாக்கெட்டுல இன்னைக்குத் தேதிய எழுதுங்க."

அவன் மறுபடி தென்னை மூட்டுக்குப் போனான். பதின்மூன்றாவது பாக்கெட்டை எடுத்து, அவள் கேட்பதற்கு முன்பே தேதியைச் சத்தமாக வாசித்தான்.