மூன்றாம் அடுக்கில் ஜக்கம்மா

"பதில் சொல்ல உனக்கு எம்புட்டு நேரம்தான்டி வேணும்?"

தேவாரம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஒருநாள் சொர்ணலதாவிடம் கேட்ட கேள்வி அது. அவளுக்கு விடை தெரியும். ஆனால் நெஞ்சில் இருந்த விடை தொண்டைக்கு ஏறி, தொண்டையிலிருந்து நாக்குக்கு வருவதற்குள் டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். வகுப்பே சிரித்தது. அது புதிதும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டால்கூட, இவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஊரைச் சொல்லிவிடுவார். பேச்சு என்பது ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிற வித்தை. அந்த வித்தை அவளுக்குக் கைவரவில்லை.

அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். வீட்டில் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. போடியில் சுகிர்தம் பெரியம்மா கை உதவிக்கு ஆள் இல்லாமல் கஷ்டப்படுவதாக அம்மா சொன்னாள். இரண்டு செட் துணியோடு பஸ் ஏற்றிவிட்டாள்.

பெரியப்பா பொன்னுராஜுக்கு போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. கீழே கடை, மாடியில் வீடு. கடைக்குப் பின்னால் நீளமான கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து ஏலக்காயைப் பருமன் பார்த்து, நிறம் பார்த்துப் பொறுக்கிப் பிரிப்பார்கள். அந்தக் கூடத்தின் ஓரத்தில் பலகை வைத்துத் தடுத்த ஒரு சின்ன அறை. எண்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் அந்த அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பஜாரே வந்து பார்த்துவிட்டுப் போனது. உபதேசியார் ஞானசிகாமணி வந்து ஜெபம் செய்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சட்டம் போட்டார் பெரியப்பா. போட்டவரே மறந்துபோய் செருப்போடு போய்ப் பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பெரியப்பாவின் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழுந்தது. அதனால் பில் அடிக்கிற வேலை சொர்ணலதாவிடம் வந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவன் பெரியப்பா மகன் ஜேசுராஜ். மெட்ராஸில் காலேஜ் படிக்கிறவன். அடுத்த லீவுக்கு வந்தபோது துணிப் பைக்குள் ஒரு கறுப்பு ஃப்ளாப்பித் தட்டு கொண்டுவந்தான். கணக்கு ஏற்றுகிற அதே மாதிரிச் சதுரத் தட்டு. உள்ளே இருந்தது ஒரு விளையாட்டு.

பார்க்க ஒன்றும் அழகான விளையாட்டு இல்லை. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள். நாலு கோடு சுவர், நடுவில் ஒரு கட்டம் கதவு. பூமிக்கடியில் அடுக்கடுக்காகப் போகும் ஒரு பாதாளம். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு அதற்குள் இறங்க வேண்டும். வாள் பிடிக்கிறவர்கள், மந்திரம் சொல்கிறவர், பூட்டைத் திறக்கிற திருடர், காயம் ஆற்றுகிற பூசாரி. ஜேசுராஜ் தன் காலேஜ் சேக்காளிகள் பெயரில் ஆறு பேரை இறக்கினான். டக்கு டக்கென்று கைக்கு வந்ததை அமுக்கினான். முதல் அடுக்கிலேயே ஆறு பேரும் செத்தார்கள்.

"சீ, இது போரு. நீ வேணும்னா ஆடு" என்று எழுந்து போய்விட்டான்.

சொர்ணலதா உட்கார்ந்தாள். ஆறு பெயர் கேட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களின் பெயர்களை அடித்தாள். மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி இடுப்பில் வைக்கிற அய்யம்மாள் முன் வரிசையில் வாளோடு. விரல் நறுக்கென்று ஓடுகிற அன்னத்தாய் திருடி. இது அன்னத்தாய்க்குத் தெரியவே கூடாது. யாருக்கு எங்கே வெட்டுப்பட்டாலும் முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட ஓடிவருகிற ஜக்கம்மா பூசாரி. இன்னும் இரண்டு பேர். கடைசியில் மந்திரம் சொல்கிறவளாகத் தன் பெயர்.

முதல் கதவைத் திறந்ததுமே நாலு எலும்புக்கூடுகள் எதிரே வந்து நின்றன. அவள் கையை எடுத்துவிட்டாள். வழக்கம்போல் தனக்கு நேரம் பிந்திவிடும், அதற்குள் அடி விழுந்துவிடும் என்று நினைத்தாள். அடி விழவில்லை. திரையின் அடியில், அய்யம்மாள் என்ன செய்யப்போகிறாள் என்று ஒரு கேள்வி வந்தது. கேட்டுவிட்டு எலும்புக்கூடுகள் நின்றன.

அவள் யோசித்தாள். அவை நின்றன. மாடியிலிருந்து பெரியம்மா கூப்பிட, போய் உலையைப் பார்த்து, சோறு வடித்து, ஜேசுராஜுக்குத் தட்டு வைத்து இறங்கி வந்தாள். அவை அதே இடத்தில் நின்றன. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று வாளைப் பிடித்தபடி காத்திருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெரியப்பா ஏலத்துக்குப் போகும் மத்தியானங்களில் ஆடினாள். ஏலத்துக்கு வரும் சாம்பிள் பொட்டலங்களைப் பிரித்த தாளில் பாதை வரைந்துகொண்டாள். ஒரு இடத்தில் தரை சுழன்று திசை மாறும். ஒரு இடத்தில் விளக்கே எரியாது. அவசரப்படுகிறவர்களுக்கென்றே வைத்த கண்ணிகள் அவை. அவசரம் அவளிடம் இல்லாத பொருள். மூன்றாம் அடுக்கு வரை இறங்கினாள். அங்கே ஆளைக் கல்லாக்கும் ஒரு பாம்பு ஜக்கம்மாவைக் கொன்றுவிட்டது. மற்ற ஐந்து பேரும் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று மேலே வந்து சேர்ந்தார்கள். உடம்பை மேலே உள்ள கோயிலுக்குக் கொண்டுவந்தால் எழுப்பலாம். உடம்பு கீழே கிடந்தது. ஐவரும் காயம் ஆறி மறுபடி இறங்க வேண்டும். சொர்ணலதா அன்றிரவு சாப்பிடும்போதும் அந்த வழியையே மனசில் நடந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சாப்பாட்டில்தான் ஜேசுராஜ் வாய் சும்மா இருக்காமல் சொன்னான்.

"அம்மா, சேதி தெரியுமா? நம்ம கடை ஜக்கம்மா மிஷினுக்குள்ள பூசாரி. பேயெல்லாம் ஓட்டுது. இவ மந்திரவாதி."

பெரியம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு நின்றது.

"என்னலே சொல்ற? கிறிஸ்தவ வீட்டு மிஷினுக்குள்ள பூசாரியா? ஜெபம் பண்ணி வச்ச மிஷின்லயா?"

"பேய் மட்டுமில்ல, எலும்புக்கூடு, பாம்பு, எல்லாம் இருக்கு."

"ஏட்டி, நெசமா?"

சொர்ணலதாவின் பதில் கிளம்பி வந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள் பெரியம்மா எழுந்து போய் முழங்காலிட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சொர்ணலதா மாடிப்படியில் இறங்கி வரும்போது பார்த்தாள். மதுரைக் கூட்டத்தில் ஜெபித்து வாங்கிய எண்ணெய்ப் புட்டியோடு பெரியம்மா பலகை அறைக்குள் இருந்தாள். வீடு பால்காய்ச்சியபோது நிலைக்கு எண்ணெய் பூசியது போலவே, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு திரையில் ஒரு சிலுவை, பெட்டியில் ஒரு சிலுவை போட்டாள். பிறகு அலமாரியில் இருந்த கறுப்புத் தட்டுகளை உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். அவற்றின் நடுவே நீளவாக்கில் திறந்த ஒரு இடுக்கு உண்டு. மிஷின் எழுத்தைப் படிக்கிற இடம். பெரியம்மாவுக்கு அது தட்டின் வாசல் மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் சரியாக விரலை வைத்து எண்ணெய் தடவினாள். அத்தனையும் கணக்குத் தட்டுகள். விளையாட்டுத் தட்டு ஜேசுராஜின் பெட்டியில் இருந்தது.

"பெரியம்மா, அதுல..." என்று தொடங்கினாள் சொர்ணலதா.

"வா, உனக்கும் பூசணும்" என்று நெற்றியில் ஒரு விரல் எண்ணெய் வைத்துவிட்டுப் போனாள் பெரியம்மா.

சாயங்காலம் பெரியப்பா கணக்கைப் பார்க்க உட்கார்ந்தார். மிஷின் கரகரவென்று அரைத்தது. எந்தத் தட்டைப் போட்டாலும் படிக்கவில்லை. அந்த சீசன் கணக்கு முழுக்கப் போயிற்று. மதுரையிலிருந்து மிஷின்காரர் வர ஒரு வாரமாகும் என்றார்கள்.

"அந்தச் சனியன் விளையாட்டுத்தான் கணக்கத் தின்னுருச்சு" என்றார் பெரியப்பா. "யாரு கொண்டாந்தா?"

ஜேசுராஜ் விட்டத்தைப் பார்த்தான். "எனக்கு அதுல இஷ்டமே இல்லப்பா. அவதான் எந்நேரமும் ஆடுவா."

"பெரியப்பா, எண்ணெ..."

"எண்ணெயும் வேணாம், தண்ணியும் வேணாம். பேசாம இரு தாயி."

பெரியம்மா முடிவு சொன்னாள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொர்ணலதா எழுந்து எல்லாருக்கும் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். பிசாசின் விளையாட்டில் விழுந்தேன், விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு அவள் கையாலேயே அந்தத் தட்டை அடுப்பில் போட வேண்டும். மாட்டேன் என்றால் சனிக்கிழமை காலை தேவாரம் பஸ். ஜேசுராஜிடம் அந்தத் தட்டை வாங்கிப் பெரியம்மா கைக்குட்டையில் சுற்றித் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாடிக் கூடத்தில் பாய் விரித்தார்கள். பஜார்க் குடும்பங்கள் நாலைந்து வந்தன. பாட்டு, ஜெபம் முடிந்ததும் வழக்கம்போல் சாட்சி ஓரத்திலிருந்து தொடங்கியது. ஒருவர் மகனுக்குக் காய்ச்சல் நின்றதைச் சொன்னார். ஒரு அம்மா தன் மாமியார் மனம் மாறியதை ரொம்ப நேரம் சொன்னாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் குறுக்கே பேசவில்லை. சாட்சி முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, முடிந்த பின் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அதுதான் முறை. இத்தனை நாளும் தன் முறை வரும்போது சொர்ணலதா மெல்ல ஒரு ஸ்தோத்திரம் சொல்லி அடுத்தவருக்குத் தள்ளிவிடுவாள். இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. எலும்புக்கூடுகளைப் போலவே இங்கேயும் எல்லாரும் காத்திருப்பார்கள்.

"தங்கச்சி, சொல்லும்மா" என்றார் உபதேசியார்.

எழுந்தாள். விடை நெஞ்சில் இருந்தது. அது தொண்டைக்கு ஏறட்டும் என்று விட்டாள். யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது. யாரும் முந்தவில்லை.

"அந்த விளையாட்ட நான் ஆடுனது நெசம்" என்றாள். "அதுல பேய் இருக்கு. நம்ம அதக் கும்பிடல, அத அடிக்கிறோம். ஆறு பேரு சேந்து இறங்கணும். தனியா போனா செத்துப்போவோம். அதுல ஒரு கோயில் இருக்கு. செத்தவகள எழுப்ப அங்கன காணிக்கை கேப்பாக. ரொம்ப அநியாயமா கேப்பாக."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். உபதேசியார் தொண்டையைக் கனைத்தார்.

"அதாவது தங்கச்சி, நீ சொல்ல வந்தது..."

"சாட்சி முடியட்டும் ஐயா" என்றார் பெரியப்பா. பழக்கம்தான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போல் விழித்தார்.

சொர்ணலதா அடுத்த பேச்சு வரும்வரை நின்றாள்.

"அதுல எது எதுக்க வந்தாலும், நீ என்ன செய்யப்போறன்னு நம்மளக் கேக்கும். நாம சொல்ற வரைக்கும் நிக்கும். ராட்சசன்கூட நிப்பான். எங்க டீச்சர் நிக்கல. கண்டக்டர் நிக்கல. இந்த வீட்டுலயும் நிக்கல. ஓடிப்போறதுக்குன்னு ஒரு எழுத்து இருக்கு. பள்ளிக்கூடத்துல நான் அதத்தான் அமுக்கினேன். இப்ப அமுக்க மாட்டேன்."

பெரியம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வரக் கூடாது.

"ஜக்கம்மான்னு பேரு வச்சது நாந்தான். கீழ ஆருக்கு வெட்டுப்பட்டாலும் கட்டுப்போடுறது அவகதான, பெறகு வேற ஆரு பேர வைக்க? அந்தத் தட்டுக்குள்ள மூணாவது அடுக்குல அவக கெடக்காக. நான் போய்த் தூக்கிட்டு வரணும். அவகள அடுப்புல போட என்னால ஆகாது."

இன்னொன்று இருந்தது. அதைச் சொல்வதா என்று அவள் யோசித்தாள். வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தாள். பெரியம்மா இதுவரை அவளை ஒருநாள் அடித்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் படுத்துக்கொண்டவள். ஆனாலும் செய்யாத பழியை ஏற்றுக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏற அவளுக்கு மனமில்லை.

"கணக்க விளையாட்டு திங்கல பெரியப்பா. தட்டுக்கு நடுவுல திறந்திருக்குமே, அதுல எண்ணெ பட்டிருக்கு. உறையக் கழத்திப் பாருங்க, தெரியும். பெரியம்மா பிரியத்துலதான் பூசுனாக. எனக்கும் பூசுனாக. நான் அப்பவே சொல்ல வந்தேன். யாரும் நிக்கல."

ஜேசுராஜ் எழுந்து கீழே ஓடினான். ஒரு தட்டோடு மேலே வந்தான். விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்த பெரியப்பா, விரலால் தொட்டு, விரலை முகர்ந்தார். அப்புறம் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சு" என்றாள் சொர்ணலதா.

ஸ்தோத்திரம் சொல்ல வேண்டிய இடம். உபதேசியார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப, தட்ட அடுப்புல போடமாட்டியாம்மா?"

இந்த முறை நேரமே ஆகவில்லை.

"மாட்டேன்."

சொன்னவள் உட்காரவில்லை. பாயைச் சுற்றிப் போய்ப் பெரியம்மாவின் எதிரில் நின்று வலது கையை நீட்டினாள். பெரியம்மா வேதாகமத்தை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்திருந்தாள். கைக்குட்டையின் ஓரம் வெளியே தெரிந்தது. கண் நிறைந்திருந்தது. கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. சொர்ணலதா "தாங்க" என்று சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டியபடி நின்றாள். இனி பெரியம்மாவின் முறை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். காத்திருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

கை வலிக்கத் தொடங்கியது. அவள் இறக்கவில்லை. கீழே தெருவில் ஒரு ஜீப் கம்பத்துக்கு ஆள் கூப்பிட்டுவிட்டுப் போனது.

பெரியம்மா வேதாகமத்தைத் திறந்தாள். கைக்குட்டையை அவிழ்த்தாள். நடு இடுக்கில் விரல் படாமல் ஓரமாகப் பார்த்துப் பிடித்து, தட்டை அந்தக் கையில் வைத்தாள். பிறகு ஜன்னல் விளிம்பில் இருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள்.