இடது கைக்கு ஒரு ரீல்

லிப்ட் மெக்கானிக் அந்தக் கடையின் படியேறும்போதே பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் ஏறினார்.

"எனக்கில்லைங்க, நண்பர் ஒருத்தருக்கு. மீன் பிடிக்கிற ரீல் வேணும். பாவம், அவருக்கு வலது கை அவ்வளவா வராது."

சொன்னவருடைய வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது இடது கையால் எடுத்து உள்ளே வைத்தது. கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது! ஆனால் வெளியே மழை. நனைந்த குடையை மடக்க இன்னொரு கை வேண்டுமே. குடையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, முகவாயால் கம்பியை அழுத்தி, ஒருவழியாக மடக்குவதற்குள் பாதி மழையைச் சட்டையில் வாங்கிக்கொண்டார். கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கூத்தை முழுசாகப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நண்பரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அவரு வெளியே வர மாட்டாரு. கூச்ச சுபாவம்."

பக்கவாதம் வந்து போனதில் கால் பழையபடி திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது. போன பேச்சுக்கு ரெண்டு மடங்கா திரும்பியிருக்கு என்று மனைவி அலுத்துக்கொள்வாள். கை மட்டும் வரவில்லை. தோளில் பலம் இருந்தது, முழங்கை ஓரளவு மடங்கியது. அதற்குக் கீழே இருந்தது சொன்ன பேச்சு கேட்காது. இது தெருவுக்கே தெரியும். தெரியக்கூடாத ஆள் ஒருவன்தான்: மனைவியின் தம்பி, பேக்கரிக்கார மச்சான். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவர் மடியில் தலையணையைப் போட்டுக் கையை அதன் அடியில் தள்ளிவிடுவார். "கையா? அது எப்பவோ சரியாயிடுச்சே" என்று வாய் கூசாமல் சொல்வார். அப்போ கடலுக்கு வாங்க மாமா என்றால் இடுப்புப் பிடிப்பு, காற்று சரியில்லை, கல்யாணத்துக்குப் போகணும் என்று ஏதாவது ஒன்று.

மச்சானுடைய படகில் இரண்டே இருக்கைகள். பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் மச்சான். முன்னால் இவர். அக்காவைக் கட்டிக்கொடுத்த வருஷத்திலிருந்து அப்படித்தான். இப்போது மச்சான் போன் செய்து, இந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுத் தபால்காரரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டான். ஒரே ஆளாக எஞ்சினையும் பார்த்துக்கொண்டு மீனையும் இழுக்க முடியாது. நியாயமான பேச்சுதான். ஆனால் தன் இருக்கையில் தபால்காரர் காலை நீட்டி உட்காருவதை நினைத்ததும் இவருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்தான் மழையோடு மழையாகக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கடைக்காரம்மாவிடம் ஒரு வழக்கம். ரீலைக் கண்ணில் காட்டுமுன் கேள்வி கேட்பாள். எங்கே பிடிப்பீர்கள், கரையிலா படகிலா, என்ன மீன், எவ்வளவு நேரம் உட்காருவீர்கள். பதில் வந்த பிறகுதான் கண்ணாடி அலமாரியின் சாவி கொத்திலிருந்து வெளியே வரும்.

"படகு. ஆழம். பெரிய மீனுதான். சின்னதெல்லாம் நாங்க தொடுறதில்லை" என்றார் மெக்கானிக்.

"நாங்களா?"

"அவரு. அவருதான் தொட மாட்டாரு."

எடுத்துக் கொடுத்தது பெரிய ரீல். நல்ல கனம். இவர் காலமெல்லாம் வைத்திருந்த ஜாதி. சின்ன ரீலைப் பார்த்தால் "பிள்ளைகுட்டி விளையாடுறதா?" என்று கேட்கிற மனுஷன். கடைக்குப் பின்னால் ஒரு சந்து; பின்கதவைத் திறந்தால் அந்தக் கோடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். ரீலைத் தூண்டில் கம்பில் பூட்டி, தூண்டில் நரம்பின் நுனியை வாளிக் காதில் மாட்டி, வாசற்படியில் நின்றபடி சுற்றி இழுக்க வேண்டும். இந்தக் கடையில் வாளியை இழுக்காமல் யாரும் ரீல் வாங்கிப் போனதில்லை.

கம்பின் அடியை இடுப்பு பெல்ட்டில் குத்திக்கொண்டு இடது கையால் கைப்பிடியைச் சுற்றினார். பிடிக்க ஆளில்லாத கம்பு பக்கவாட்டில் புரண்டது. நிமிர்த்திவிட்டுச் சுற்றினார். மறுபடி புரண்டது. வாளி இருந்த இடத்தில் இருந்தது.

"உங்க நண்பருக்கு இது சரிப்பட்டு வராது போலிருக்கே" என்றாள் கடைக்காரம்மா.

"அவரு என்னை மாதிரி இல்லை, பழகிக்குவாரு" என்றார் மூச்சு வாங்க.

அடுத்து பேட்டரி ரீல். படகு விளிம்பில் பூட்டிவிட்டால் போதும். பட்டனை அமுக்கினால் அதுவே சுற்றும். இந்த ரீல் வைத்திருப்பவர்களுக்குத் துறைமுகத்தில் மிக்ஸிக்காரர்கள் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானும் நம்மவர்தான். கட்டை விரலால் அமுக்கினார். வாளி நாய்க்குட்டி மாதிரி ஓடிவந்து படியில் மோதி நின்றது. தண்ணீர் செருப்பில் தெறித்தது.

விரலுக்கு எதுவும் தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. லிப்டில் பட்டனை அமுக்கி மேலே போகிறவர்களுக்குத் தாங்கள் எத்தனை கனம் என்று தெரியாது. மேலே எஞ்சின் அறையில் கம்பிவடம் முனகுவதைக் கேட்டே பெட்டியில் எத்தனை பேர் என்று சொல்கிறவர் இவர். இப்போது இவரையே பட்டன் அமுக்கச் சொன்னால்?

"ஆனா நண்பருக்கு இதுதான் சுலபம்" என்றாள் கடைக்காரம்மா. "போன வாரம் வந்தவரும் இதைத்தான் பாத்து வச்சுட்டுப் போனாரு."

"யாரு?"

"அவரும் நண்பருக்குன்னுதான் கேட்டாரு. அந்த நண்பருக்கும் வலது கை வராதாம். வலது கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, கடையில இருக்கிற அத்தனை ரீலையும் ஒத்தைக் கையால சுத்திப் பாத்தாரு. பாதி நாள் இங்கேதான். சட்டையெல்லாம் மைதா மாவு. என் கவுண்டரையும் வெள்ளையாக்கிட்டுப் போனாரு."

மெக்கானிக் பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

"வாங்கலையான்னு கேட்டேன். நான் வாங்கிக் கொடுத்தா தூக்கிக் கடல்ல போட்டுருவாரு, அவரா வந்து வாங்கினாதான் உண்டுன்னாரு. நண்பர் பெரிய ரோஷக்காரர் போல."

பக்கத்திலிருந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். முதலில் வந்தது வெட்கம். அட, தலையணைக்கு அடியில் கையை ஒளித்து வைத்து இத்தனை நாள் யாரை ஏமாற்றினோம்? அடுத்து கோபம், தெரிந்துகொண்டே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அடப்பாவி! அதற்குப் பிறகு, அந்தப் பயல் மாவுச் சட்டையோடு இந்தப் படியில் நின்று ஒற்றைக் கையால் வாளியோடு மல்லுக்கட்டிய காட்சி கண்முன்னே வந்தது. அவன்மேல் இருந்த பாசத்தை இவ்வளவு காலம் படகு, எஞ்சின், மீன் என்றே பேசிக் கழித்திருந்தார்.

இடது கையால் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, கவுண்டர் கண்ணாடிமேல் வைத்தார்.

"நண்பர் வந்துட்டாருங்க" என்றார்.

"வரட்டும் வரட்டும். இப்பக் கேக்குறதுக்காவது உண்மையைச் சொல்லச் சொல்லுங்க" என்றாள் கடைக்காரம்மா.

அதன்பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது. தோளில் பலம் இருக்கிறது, விலாவோடு சேர்த்து எதையும் இறுக்கிக்கொள்ள முடியும் என்றார். கம்பின் அடியை வலது அக்குளில் கொடுத்து இடுக்கிக்கொண்டு, இடது கையால் சுற்றிப் பார்த்தார். கம்பு புரளவில்லை. ஆனால் பெரிய ரீலின் கனத்துக்குத் தோள் சீக்கிரமே நடுங்கியது. அதைவிடச் சின்னது. அதற்கும் சின்னது. கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று வந்தது. கைப்பிடியை இடப்பக்கம் மாற்றிப் பூட்டினார்கள். கடைக்காரம்மா வாளியில் பாதிக்குமேல் தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

சுற்றினார். வாளி கொஞ்சம் நகர்ந்தது, ஒரு கல்லில் தட்டி நின்றது, தாண்டி வந்தது. கல் இருந்த இடம் அவர் விரலுக்குத் தெரிந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்கிறது இருக்கட்டும்" என்றாள் அவள். "இது ஆழக்கடலுக்கு ஆகாது. கரையில நின்னு கழிமுகத்துல போடலாம். சின்ன மீனுதான். படகு, பெரிய மீனு எல்லாம் வேணும்னா பேட்டரிதான். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மழை விட்டிருந்தது. அவர் வாளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முன்னிருக்கை, மச்சான், எஞ்சின் புகை, விடியலில் பகிர்ந்து குடிக்கிற தேநீர். இன்னொரு பக்கம் இந்த இத்துனூண்டு ரீல். பட்டனை அமுக்கினால் எல்லாம் பழையபடி கிடைக்கும், மீன் இழுக்கிற அந்த இழுப்பைத் தவிர. மச்சான் பார்த்து வைத்துவிட்டுப் போனது தப்பில்லை. படகை விட்டு மாமா இறங்கிவிடக்கூடாது என்று பார்த்திருக்கிறான்.

"சின்னதைக் கட்டுங்க" என்றார்.

சாயங்காலம் மச்சானுக்கு அவரே போன் செய்தார். மனைவி துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றாள்.

"கை வரலடா. வரவும் வராது."

அந்தப் பக்கம் பேக்கரி அடுப்பின் தட்டை இழுக்கிற ஓசை கேட்டது.

"தெரியும் மாமா."

"தெரியும்னு தெரியும். நான் கரைக்கு ஆகிற சின்ன ரீலாப் பாத்து வாங்கிட்டேன். தபால்காரரைக் கூட்டிக்க."

"பட்டனை அமுக்கினா என்ன மாமா கெட்டுப்போச்சு? யாரு சிரிக்கப்போறா? சிரிக்கிறவன் பல்லை நான் உடைக்கிறேன்." மச்சானின் குரல் உடைந்தது. "கூட உக்காந்திருப்பீங்கன்னுதானே பாத்தேன்."

"எனக்கு உக்கார வேண்டாம்டா, இழுக்கணும்" என்றார். "உன்மேல கோபமில்லை. ஆசையாத்தான் இருக்கு உன்கூட வரதுக்கு. ஆனா இழுக்கணும்."

மச்சான் போனை வைத்தான். மனைவி மடித்த சட்டையையே திரும்பவும் உதறி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆறு கடலில் கலக்கிற இடத்தில், கல்சுவரின் மேல் அவர் நின்றார். கொக்கியில் தகரப் பொம்மை மீன். புழு கோர்க்கிற வேலை இல்லை. மனைவி சற்றுத் தள்ளி உட்கார்ந்து, வீசு, சுத்து, அட மெதுவா என்று தெரியாத தொழிலுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். இடது கையால் வீசுவது நன்றாக வரவில்லை. பொம்மை மீன் இரண்டு முறை பின்னால் மணலிலேயே விழுந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு மறுபடி வீசினார்.

எஞ்சின் சத்தம் கேட்டது. மச்சானின் படகு கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னிருக்கையில் தபால்காரர். காலை நீட்டித்தான் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்குக்குக் கண் கரித்தது. அது தன் இடம், இனி இல்லை. அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது.

அதே நேரம் நரம்பு விறைத்தது. கம்பின் நுனி வளைந்து ஒரு உலுக்கு உலுக்கியது. அவர் அக்குளை இறுக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். மீன் இடப்பக்கம் ஓடியது, விரலுக்குத் தெரிந்தது. நின்றது, அதுவும் தெரிந்தது.

படகில் மச்சான் எழுந்து நின்றுவிட்டான். எஞ்சினைத் தணித்து, தலைக்கு மேலே கையை உயர்த்தி, இங்கே பாருங்க மாமா என்று காட்டினான். காட்டிக்கொண்டே இருந்தான்.

"தம்பி கை காட்டுறான், நீங்களும் காட்டுங்களேன்! என்ன மனுஷன் நீங்க!" என்றாள் மனைவி.

அவருக்கு இருந்தது ஒரே கை. அது சுற்றிக்கொண்டிருந்தது.

"வேலையா இருக்கேன்னு சொல்லுடி!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார்.