கம்பியில்லா மைக்

பேராலய வளாகத்துக் கலையரங்கத்தை நிர்வகிப்பவள் நான். வாடகைக்கு எடுப்பவர்களிடம் தொண்டை வறளச் சொல்வது ஒரே விதிதான்: பக்கத்தில் பூசை நடக்கும்போது கம்பி மைக்கில்தான் பேச வேண்டும். எங்கள் கம்பியில்லா மைக்கும் பீடத்து மைக்கும் ஒரே அலைவரிசை. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். ஒருமுறை பிறந்தநாள் விழாக்காரர் ஒருவர் "சாப்பாடு தீர்ந்துபோச்சு" என்றது, நற்கருணை வழங்கும் நேரத்தில் கோயில் முழுக்க ஒலித்தது.

அன்று அரங்கத்தில் என் மகளுக்கே நிச்சயதார்த்தம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேடைப் பூவை நகர்த்தினேன், பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன், சன்னலுக்கு ஓடினேன். கூப்பிடு தூரத்தில் பேராலயம். உள்ளே மாலைப் பூசைக்கு ஆர்கன் வாசிப்பவன் என் அண்ணன். மாப்பிள்ளை முடிவானதை நான் சொல்லுமுன் வேறு யாரோ சொல்லிக் கேட்டானாம், அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"மாமா வராம மோதிரம் மாத்திக்க மாட்டேம்மா" என்றாள் மகள்.

"ரயிலுக்கு நேரமாகுதுங்க சம்பந்தியம்மா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மறுபடியும்.

விருந்தினரை உட்காரச் சொல்லலாம் என்று மேசையிலிருந்த மைக்கை எடுத்தேன். எந்த மைக் என்று பார்க்கவில்லை. விசையைத் தள்ளிய நேரம், சன்னல் வழியே ஆர்கன் கேட்டது. மகளிடம் பொரிந்து தள்ளினேன்.

"அந்த வீம்பு புடிச்ச கழுதை அங்கேயே உக்காந்து வாசிக்கட்டும்! தங்கச்சின்னு ஒருத்தி இருக்கிற நெனப்பே இல்ல. அவன் இல்லாம எனக்கு இது நல்ல நாளா? காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி எறங்கல."

ஆர்கன் பாதியில் நின்றது.

கோயிலைத் திறந்து மூடும் கோயில்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி அணைத்தார். எங்கள் ஒலிபெருக்கியை இன்னும் யாரும் போடாததால் இங்கே மைக் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"எதுலேருந்து கேட்டுச்சு?" என்றேன்.

"கழுதையிலேருந்து தண்ணி வரைக்கும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான். சபை நடுவே அவனை அவமானப்படுத்திவிட்டேன். இனி எந்தக் காலத்தில் வருவான்?

ஆர்கன் மறுபடி தொடங்கி, பூசையும் முடிந்தது. வெளியே வந்தவர்கள் எங்கள் சன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். அண்ணனைக் காணோம். கடைசி ஆளும் போய், பெரிய கதவும் சாத்தப்பட்டது. சம்பந்தி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் சன்னலை விட்டு விலகினேன்.

அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. கையில் ஒரு தம்ளரோடு அண்ணன் வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. நேரே என் மகளிடம் போனான்.

"கழுதை வந்தாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. மோதிரமெல்லாம் அப்புறம். மொதல்ல அவள தண்ணி குடிக்கச் சொல்லு."

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தம்ளரை என்னிடம் நீட்டினான். நான் குடித்து முடிக்கும்வரை அவன் தம்ளரை விடவில்லை.