நாற்பது பேருக்கு இலவசம்

கணக்கு வாத்தியாருக்குக் காலையிலேயே எரிச்சல். எதிரே உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன், சட்டைப் பையில் டெஸ்டரும் கையில் மகளின் மதிப்பெண் அட்டையுமாக, வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. சண்டை போடுகிற அப்பாக்களைச் சமாளிக்க வாத்தியாருக்கு இருபது வருடப் பழக்கம் உண்டு. இப்படி நிதானமாகக் கேள்வி கேட்கிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்காது.

"பதினாலு டெஸ்ட்டு சார். பதிமூணுல முட்டை. ஒண்ணே ஒண்ணுல மட்டும் பத்துக்கு எட்டு. அது எப்படி சார்?"

"படிச்சாத்தானே வரும்? டேப்லெட்டைக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தா முட்டைதான் வரும்."

"நாலு விடையில ஒண்ணைத் தொடறதுதானே சார்? கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாக்கூட ரெண்டு மூணு சரியா விழுமே. பதிமூணு தடவையும் ஒண்ணுகூட விழலைன்னா அதுக்கே தனித் திறமை வேணும்." எலக்ட்ரீஷியன் அட்டையை மேஜைமேல் வைத்தார். "நாங்க வயர் இழுத்தா கடைசி பல்பு வரைக்கும் எரியுதான்னு பாத்துட்டுத்தான் ஏணியை மடிப்போம். நீங்களும் ஒருக்கா பாத்துடுங்க சார். திங்கக்கிழமை லிஸ்ட் ஒட்டறாங்களாமே."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. நிகழ்தகவுப் பாடம் நடத்துகிற மனுஷர் அவர். அதை டெஸ்டரோடு வந்த ஒருவர் அவருக்கே நடத்திவிட்டுப் போகிறார்.

லிஸ்ட் என்பது சின்ன விஷயமில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் கடைசியாக வரும் ஐந்து பேரைத் தனியே பிரித்து இன்னொரு பிரிவில் போடுவார்கள். அதற்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் அடிப்படைப் பிரிவு. பிள்ளைகள் வைத்த பெயர் கிடங்கு. உள்ளே போன சரக்கு வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அங்கே இயற்கணிதமும் இல்லை, வடிவியலும் இல்லை. கூட்டல் கழித்தல் என்று வருடம் முழுக்க அரைத்த மாவையே அரைப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் சில்வண்டு என்று பெயர். வருட ஆரம்பத்தில் வாயே மூடமாட்டாள். கடைசி பெஞ்சின் சுவரோர மூலையில் உட்கார்ந்துகொண்டு, கரும்பலகையில் வாத்தியார் செய்யும் தப்பை முதல் ஆளாகக் கண்டுபிடித்துக் கத்துவாள். கொஞ்ச நாளாகச் சத்தமே இல்லை. வளர்ந்துவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று வாத்தியார் தனக்குத்தானே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

நாலு மாதத்துக்கு முன்னால்தான் அந்த வினாடி வினா வலைத்தளம் வகுப்புக்குள் வந்தது. வாசலில் 'நூறு சதம் டிஜிட்டல் பள்ளி' என்று பலகை மாட்டிய தலைமை ஆசிரியை, ஆசிரியர்கள் ஆளுக்கொரு இணையக் கருவி பிடித்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். முதலில் முணுமுணுத்த கணக்கு வாத்தியார், ஒரே வாரத்தில் அதற்கு அடிமையாகிவிட்டார். பைசா செலவில்லை. சுவர்த் திரையில் ஒரு நுழைவு எண் தெரியும், பிள்ளைகள் அதை டேப்லெட்டில் தட்டிவிட்டு உள்ளே போவார்கள், பாட்டு ஓடும், முதல் ஐந்து பேர் பெயர் மின்னும். மார்க் தானாக வந்து விழும். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஆபீஸ் கிளார்க்குக்குத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. பாடக் குறிப்பும் வீட்டுப்பாடமும் அதிலேயே போய்விடும். பை நிறைய நோட்டோடு வீட்டுக்கு வந்தவர் கை வீசிக்கொண்டு வர ஆரம்பித்தார். "சிவப்புப் பேனா துருப்பிடிச்சிடப் போகுது" என்று அவர் மனைவிகூடக் கிண்டல் செய்தாள்.

எலக்ட்ரீஷியன் போனதும் வாத்தியார் ஸ்டாஃப் ரூமில் மடிக்கணினியைத் திறந்தார். பதினாலு அறிக்கைகள். முதலாவதை விரலால் எண்ணினார். நாற்பது பெயர். இரண்டாவதிலும் நாற்பது. மூன்றாவதிலும் நாற்பது. வகுப்பில் நாற்பத்தொரு பேர். வலைத்தளத்தில் அவர் பெயரிலிருந்த கணக்குப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி இருந்தது: இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் மட்டும்.

நாற்பத்தொன்றில் நாற்பது போனால் மிச்சம் ஒன்று. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அது கணக்கு வாத்தியாருக்குப் பிடிபட நாலு மாதம் ஆகியிருக்கிறது.

டேப்லெட் பெட்டி முதல் பெஞ்சிலிருந்து கிளம்பும். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு பின்னால் தள்ளுவார்கள். சுவரோர மூலைக்கு வரும்போது பெட்டியின் அடியில் கிடப்பது ஒன்றே ஒன்று. உயிர் வரவே இரண்டு நிமிடம் எடுக்கும் கிழட்டு டேப்லெட். அதற்குள் நாற்பது பேரும் உள்ளே போயிருப்பார்கள். யாராவது லீவு போட்டால்தான் அவளுக்கு இடம். வினாடி வினா நாளிலோ ஒரு பிள்ளையும் லீவு போடுவதில்லை. அதைத் தன் சாதனையாக அவர் மீட்டிங்கில் வேறு சொல்லியிருக்கிறார்.

இடைவேளையில் சில்வண்டைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள போகலைன்னா என்னம்மா வரும் அதுல?"

"நிரம்பிடுச்சு, அடுத்த முறை முயற்சி செய்யவும்னு வரும் சார்."

"ஒவ்வொரு வாரமுமா?"

"முதல் மாசத்துல ஒரே ஒரு வாரம் விட்டுச்சு. பக்கத்து பெஞ்சுல ஒருத்திக்கு அம்மை போட்டிருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே சார்."

"எப்ப?"

"ரெண்டாவது வாரம். நெட்டு மெதுவா இருக்கும், பக்கத்துல இருக்கறவளோட சேர்ந்து பாருன்னு சொன்னீங்க. அவ கையால மறைச்சுக்கிட்டா சார். போட்டியாச்சே." அவள் தரையைப் பார்த்தாள். "அதுல போனவங்களுக்குத்தான் பாடக் குறிப்பும் வீட்டுப்பாடமும் வரும். எனக்கு வராது. அப்புறம் நான் எதுவும் கேக்கல."

வாத்தியாருக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பார். அது அவர் வாயிலிருந்து வரக்கூடிய வாக்கியம்தான். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று முழுக்க அலைந்தார். வலைத்தளத்தின் உதவிப் பக்கத்துக்கு எழுதினார். "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி! கட்டணத் திட்டத்துக்கு மாறினால் இருநூறு பேர் வரை விளையாடலாம்!" என்று இயந்திரம் பதில் சொன்னது. என் மாணவியின் மார்க் போய்விட்டது என்றார். பதிலுக்கு ஒரு சிரித்த முகம் வந்தது. மடிக்கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

ஆபீஸ் கிளார்க் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"பேரு இல்லாத எடத்துல என்ன சார் போடறது? சைபர்தான் போட்டேன். அதுதானே வழக்கம்?"

"வராதவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் இல்லையா ஐயா?"

"வராதவங்கன்னா வருகைப் பதிவுல இல்லாம இருக்கணும். நீங்களே வந்திருக்கான்னு டிக் போட்டிருக்கீங்க. வேணும்னா மேடத்தைப் பாருங்க, என்னை ஆளை விடுங்க."

வாத்தியார் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார்.

தலைமை ஆசிரியை அறிக்கைகளைப் புரட்டவே இல்லை.

"இப்ப நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா, நாலு மாசத்து மார்க் மொத்தமும் செல்லாதுன்னு ஆகும். அடுத்த வாரம் மத்த பள்ளிக்கூடத்து டீச்சர்ஸ் உங்க கிளாஸைப் பாக்க வர்றாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. உள்ள போன அன்னைக்கு எட்டு வாங்கியிருக்கா. நல்லாப் படிக்கற பொண்ணு."

அவர் நகர்கிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார்.

"சரி. நாளைக்குப் பேப்பர்ல ஒரு டெஸ்ட் வைங்க. பத்துக் கேள்வி, இருபது மார்க். பத்து எடுத்தா பேரை எடுத்துடறேன். இந்த விஷயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது."

வாத்தியாருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, நாளை மத்தியானம் வந்து நல்ல செய்தி வாங்கிக்கொண்டு போங்கள் என்றுகூடச் சொல்லிவிட்டார். சில்வண்டு மட்டும் மறுத்துத் தலையாட்டினாள்.

"வேணாம் சார். எனக்கு வராது."

"அட, நீயா இப்படிப் பேசறது? என் தப்பையே பிடிச்சவளாச்சே நீ!"

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, காலி வகுப்பில், அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். நாலு மாதத்துப் பாடத்திலிருந்தும் நியாயமாகக் கேள்வி எடுத்திருந்தார். எளிதாக்கவும் இல்லை, கடினமாக்கவும் இல்லை. அவள் குனிந்து எழுத ஆரம்பித்ததும் அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பத்து நிமிடம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. முடித்துவிட்டாள் போலிருக்கிறது, கெட்டிக்காரி என்று நினைத்துத் திரும்பினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாளை வாங்கினார். முதல் இரண்டு கணக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. ஒவ்வொரு படியும் ஒழுங்காக, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு. இரண்டும் முதல் மாதத்துப் பாடம். அதற்குக் கீழே மூன்று, நான்கு, ஐந்து என்று பத்து வரைக்கும் எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விடை எழுத வேண்டிய அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

நாலு மாதமாகத் துருப்பிடித்துக் கிடந்த சிவப்புப் பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. இரண்டு கணக்கு அவரே போட்டுவிட்டால்கூட எட்டுதான். மூன்று போட்டால் பத்து. இப்படிக் கூட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"எத்தனை?" என்றார் தலைமை ஆசிரியை.

"நாலு."

"இருபதுக்கு நாலா? அப்ப லிஸ்ட் சரியாத்தானே இருக்கு. இதுக்கா சார் ரெண்டு நாளா இவ்வளவு ரகளை?"

"அவளுக்குத் தெரியாதது எல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக்குடுக்காதது மேடம். ஒரு மாசம் டைம் குடுங்க. சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து எல்லாத்தையும் நான்..."

"அதை அந்தப் பிரிவுல இருந்துக்கிட்டே படிக்கட்டுமே. யாரு வேணாங்கறா?" அவர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கிளார்க்கிடம் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்திருந்தார். வேலையைப் பாதியில் விட்டு வந்திருப்பார். கையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. பக்கத்தில் சில்வண்டு. வாத்தியாரைக் கண்டதும் அவர் முகம் மலர எழுந்தார்.

"எவ்வளவு சார்?"

"நாலு" என்றார் வாத்தியார்.

எலக்ட்ரீஷியனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"உள்ள விடல, உள்ள விடலன்னு நேத்து ராத்திரி அழுதியே? இன்னைக்கு உள்ளதானே உக்காந்து எழுதின? உன் பேச்சைக் கேட்டு நான் சார் மேல சந்தேகப்பட்டேன் பாரு!"

"அவளைத் திட்டாதீங்க" என்றார் வாத்தியார். "தப்பு என்னோடது. பதிமூணு வாரம் இவளை நான் வெளியிலயே நிக்க வச்சிருக்கேன். வந்து சொன்னப்பவும் காதுல போட்டுக்கல. பாடம், வீட்டுப்பாடம் எதுவுமே இவளுக்குப் போய்ச் சேரல. மேடம்கிட்டயும் சொல்லிட்டேன், கேக்கல. முழுக்க முழுக்க என் தப்புங்க."

எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு. ஒரு வாத்தியாரு, தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டு ஒரு பிள்ளையைக் காப்பாத்தப் பாக்கறாரு. இந்தக் காலத்துல யாரு சார் இப்படிச் செய்வாங்க?" மகளின் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "சாருக்கு மன்னிப்பு கேளு."

வாத்தியார் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் நிமிர்ந்து, நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சாரி சார்" என்றாள்.